எட்டு கோர், நாலு நானோமீட்டர்: போன் சிப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் சிப் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் பலவிதமாகக் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் தம்பியின் போனில் எட்டு கோர். அதன் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து நான் வாங்கிய ஐபோனில் ஆறுதான். தினமும் கிண்டல் செய்கிறான். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. "எட்டும் என்ன கோர்?" என்று தம்பியிடம் திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. பெட்டியில் அது அச்சடிக்கப்படுவதில்லை.

கட்டளைகளை வாங்கிக் கணக்குப் போட்டு முடிக்கும் தனித்தனி அலகுதான் கோர். ஆனால் எல்லா கோரும் ஒரே தரமில்லை. கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2012-இல் அறிவித்த கார்டெக்ஸ்-ஏ53 என்ற கோரை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் விலை குறைந்த போன்களில் எங்கே பார்த்தாலும் அதுதான். அது கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். ஒரு கட்டளைக்கு வேண்டிய தகவல் மெமரியிலிருந்து வரத் தாமதமானால், அதற்குப் பின்னால் நிற்பவையும் காத்திருக்க வேண்டியதுதான். பெரிய கோர்கள் அப்படிச் சும்மா நிற்பதில்லை. பின்னால் இருப்பவற்றில் இப்போதே முடிக்கக்கூடியது எது என்று பார்த்து அதை முடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் விடைகளைச் சரியான வரிசையில் அடுக்கித் தரும். இப்படிச் செய்ய, ஏராளமான கட்டளைகளை ஒரே நேரத்தில் கண்காணிக்கும் சுற்றுகள் வேண்டும், பெரிய கேஷ் மெமரி (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) வேண்டும். இரண்டும் சிலிக்கானில் இடத்தைப் பிடிக்கும். சிலிக்கானில் இடம் என்றால் காசு. அதனால்தான் ஒரு பெரிய கோர் வைப்பதைவிட இன்னும் நான்கு சின்னக் கோரைச் சேர்த்து "ஆக்டா கோர்" (எட்டு கோர்) என்று எழுதிக்கொள்வது தயாரிப்பாளருக்கு மலிவு.

இன்னொரு விஷயம், போனில் நம் கண்ணுக்குத் தெரியும் வேலைகளின் தன்மை. ஆப்பைத் திறப்பது, பக்கத்தை வரைவது, விரல் தொட்டதும் நகர்வது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு த்ரெட்டில், அதாவது ஒரே கட்டளை வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. எட்டுப் பேர் கூடி நின்றாலும் ஊசியில் நூல் கோர்ப்பது ஒருவர் வேலைதான். அந்த ஒருவரின் கண்ணும் கையும் எப்படி என்பதே கேள்வி. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ்-இல் இருந்தவை இரண்டே கோர். அதே காலத்து எட்டு ஏ53 கோர் போன்கள் பல அதன் பக்கத்தில் வைத்தால் திணறின.

இந்த எண்ணிக்கைப் பந்தயம் எங்கே தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சுவையான கதை. 2007-இல் முதல் ஐபோனில் இருந்தது ஒரே கோர், 412 மெகாஹெர்ட்ஸ். அதையும் முழு வேகத்தில் ஓடவிடவில்லை. பேட்டரிக்காகக் குறைத்து வைத்திருந்தார்கள். 2011-இல் எல்ஜி ஆப்டிமஸ் 2எக்ஸ் இரண்டு கோருடன் வந்தது, அடுத்த ஆண்டு நான்கு. அதற்குள் ஆர்ம் வேறு ஒரு யோசனையை வைத்தது: பெரிய கோர், சின்னக் கோர் இரண்டையும் ஒரே சிப்பில் வை, கனமான வேலை பெரியதற்கு, மெசேஜ் வருகிறதா என்று பார்ப்பது போன்றவை சின்னதற்கு. நல்ல யோசனை. 2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகையில் இப்படி நான்கும் நான்குமாக எட்டு கோர் வந்தது. ஆனால் அந்தச் சிப்பில் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு நாலுதான் ஓடும்! அதே ஆண்டு மீடியாடெக் என்ற சிப் நிறுவனம் "எங்களுடையதுதான் உண்மையான எட்டு" என்று எட்டு சின்னக் கோர்களைச் சேர்த்து ஒரு சிப் விட்டது. பிறகு பத்து கோர் வரை போனார்கள், ஹீலியோ எக்ஸ்20. அதோடு மூச்சு முட்டியது. பத்தைத் தாண்டி யாரும் பெரிதாகப் போகவில்லை.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. மீடியாடெக்கின் 2023 சிப்பான டைமென்சிட்டி 9300, குவால்காம் நிறுவனத்தின் 2024 சிப்பான ஸ்னாப்டிராகன் 8 எலீட் இரண்டிலும் எண்ணிக்கை எட்டுதான், ஆனால் பழைய மாதிரிச் சின்னக் கோர் ஒன்றுகூட இல்லை. ஆப்பிள் 2017-இன் ஏ11-இலிருந்து இரண்டு பெரியது, நான்கு சின்னது என்ற அதே அமைப்பில் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த இரண்டு பெரிய கோர்களைத்தான் அடித்துத் திருத்துகிறது.

ஆகவே ஸ்பெக் பார்க்கும்போது எட்டு என்ற எண்ணை விட்டுவிடுங்கள். பெரிய கோர் எத்தனை, அதன் பெயர் என்ன என்று பாருங்கள். ஏ76, ஏ78, ஏ720, எக்ஸ்4 என்று இருந்தால் அவை பெரியவை அல்லது நடுத்தரமானவை. எண் கூடக்கூடப் பெரும்பாலும் புதியது. ஏ53, ஏ55 மட்டுமே எட்டும் என்றால் அது பேசுவதற்கும் மெசேஜ் அனுப்புவதற்கும் போதும். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: 2016-இன் ஸ்னாப்டிராகன் 625 எட்டும் ஏ53-தான், ஆனால் அந்தச் சிப் இருந்த போன்களில் சார்ஜ் நின்ற அளவுக்கு அன்று வேறெதிலும் நிற்பது அபூர்வம். வேகமே வேண்டாம், சார்ஜ் நின்றால் போதும் என்பவர்களுக்குச் சின்னக் கோர் கெட்டதல்ல.

கேள்வி: 6 நானோமீட்டர் சிப், 4 நானோமீட்டர் சிப் என்று எழுதுகிறார்கள். சிப்பில் எதை அளந்தால் இந்த 4 வரும்?

பதில்: எதை அளந்தாலும் வராது. ஒரு காலத்தில் இந்த எண், டிரான்சிஸ்டரின் (சிப்பில் உள்ள நுண் சுவிட்சின்) ஒரு பகுதியான 'கேட்' என்பதன் நீளத்தோடு ஒட்டித்தான் இருந்தது. அந்த உறவு அறுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று அது தொழிற்சாலை தன் தயாரிப்பு முறைக்கு வைத்துக்கொள்ளும் பெயர், அவ்வளவுதான். சிப் தயாரிக்கும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டர் என்பதே அதன் 5 நானோமீட்டர் முறையைக் கொஞ்சம் சீர்படுத்தியது. 6 என்பது 7-இன் திருத்தம்.

அதற்காக எண் வெறும் அலங்காரம் என்று ஒதுக்கவும் வேண்டாம். ஒரே தொழிற்சாலைக்குள் எண் குறைந்தால் அதே வேலைக்கு மின்சாரம் குறையும், அதே இடத்தில் டிரான்சிஸ்டர் அதிகம் பிடிக்கும். 1985-இன் முதல் ஆர்ம் சிப்பில் சுமார் 25,000 டிரான்சிஸ்டர். 2023-இன் ஆப்பிள் ஏ17 ப்ரோவில் 1,900 கோடி. இந்தச் சுருக்கம் இல்லாமல் இன்றைய போன் இல்லை. தவறு எங்கே வருகிறது என்றால், வேறு வேறு தொழிற்சாலைகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது.

இதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி உண்டு. 2021 நவம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்ட ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங் தொழிற்சாலையில் 4 நானோமீட்டரில் தயாரானது. சூடாகிறது என்று பயனர்கள் புலம்பித் தள்ளினார்கள். ஆறு மாதத்துக்குள், 2022 மே மாதம், கிட்டத்தட்ட அதே வடிவமைப்பை எடுத்துக்கொண்டு குவால்காம் டிஎஸ்எம்சிக்குப் போனது. அங்கேயும் 4 நானோமீட்டர்தான். பெயரில் ஒரு பிளஸ் சேர்த்து 8+ ஜென் 1. வேகம் கொஞ்சம் கூடியது, மின்சாரமோ 30 சதவீதம் வரை குறைந்தது என்று குவால்காமே அறிவித்தது. பெட்டியில் இரண்டுக்கும் 4 நானோமீட்டர் என்றுதான் இருந்தது! பழைய போன் சந்தையில் இந்த இரண்டில் ஒன்றை வாங்க நேர்ந்தால், பிளஸ் உள்ளதைத் தேடிப் பிடியுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

கேள்வி: ஸ்னாப்டிராகன் குவால்காமுடையது என்கிறார்கள், ஆர்ம் என்கிறார்கள், டிஎஸ்எம்சி என்கிறார்கள். கடைசியில் சிப்பைச் செய்வது யார்?

பதில்: மூவரும்தான், ஆளுக்கொரு கட்டத்தில். ஆர்ம், கட்டளை மொழியையும் கோர்களின் வடிவமைப்பையும் உரிமத்துக்குக் கொடுக்கிறது. குவால்காம், மீடியாடெக், ஆப்பிள் போன்றவை அதை வைத்து, அல்லது கட்டளை மொழியை மட்டும் வாங்கிக் கோரைத் தாங்களே வரைந்து, கிராஃபிக்ஸ், கேமராவுக்கான பகுதி, பல சிப்களில் மோடம் என்று எல்லாவற்றையும் சேர்த்து முழுச் சிப்பாக்குகின்றன. அச்சடிப்பது தைவானின் டிஎஸ்எம்சி அல்லது சாம்சங். சாம்சங் மட்டும் வரைவது, அச்சடிப்பது, போன் விற்பது மூன்றையும் செய்கிறது.

ஆர்ம் ஏன் போனைப் பிடித்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற கணினி நிறுவனத்துக்காக சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் வடிவமைத்த முதல் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று தயாராகி வந்தது. மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும், எனவே சூடாகக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை. ஓடவிட்டு மின்னோட்டத்தை அளந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது. பார்த்தால், போர்டிலிருந்து சிப்புக்கு மின்சாரம் போகும் இணைப்பே இல்லை! மற்ற சுற்றுகளிலிருந்து சிக்னல் கம்பிகள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே சிப் வேலை செய்துகொண்டிருந்தது. மேசைக் கணினிக்காகப் பிறந்ததுதான், ஆனால் அந்தச் சிக்கனம் பிற்காலத்தில் பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் ஆகிவிட்டது. மேசைக் கணினியில் கொடிகட்டிப் பறந்த இன்டெல், 2012-இல் போனுக்குள் வந்து 2016-இல் கைகழுவிவிட்டுப் போனது.

கேள்வி: ஸ்னாப்டிராகன் 7+ ஜென் 2 இருக்கும் பழைய மாடல் ஒன்று, 7எஸ் ஜென் 2 இருக்கும் புதிய மாடல் ஒன்று. இரண்டும் ஒரே விலை. புதியதைத்தானே எடுக்க வேண்டும்?

பதில்: சிப்பை மட்டும் வைத்துச் சொன்னால், பழையதை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

7+ ஜென் 2 வந்தது 2023 மார்ச்சில். அதில் கார்டெக்ஸ்-எக்ஸ்2 என்ற பெரிய கோர் 2.9 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, டிஎஸ்எம்சி தயாரிப்பு. அதாவது முந்தைய ஆண்டின் உச்ச சிப்புக்கு நெருங்கிய உறவு. 7எஸ் ஜென் 2 அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. அதன் பெரிய கோர் ஏ78, ஒரு தலைமுறை பழையது, 2.4 கிகாஹெர்ட்ஸ், கிராஃபிக்ஸும் பல படி கீழே. இரண்டுக்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். உள்ளே சம்பந்தமே இல்லை. ஏழு என்ற எண்ணையும் ஜென் 2 என்ற வாலையும் பார்த்து வாங்குபவர் பாவம்.

மீடியாடெக்கிலும் இதே கதை வேறு ரூபத்தில். டைமென்சிட்டி 6080 என்று 2023-இல் வந்ததன் உள்ளடக்கத்தைப் பாருங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏ76 இரண்டு, 2 கிகாஹெர்ட்ஸ் ஏ55 ஆறு, 6 நானோமீட்டர். இது 2021-இன் டைமென்சிட்டி 810-இன் அச்சு அசல். பெயர்தான் புதுசு. சிப் மோசமில்லை, சாதாரண உபயோகத்துக்குத் தாராளமாகப் போதும். என் ஆட்சேபம், பழைய சரக்குக்குப் புது எண் கொடுத்து அது புதுத் தலைமுறை என்ற எண்ணத்தை வாங்குபவர் மனதில் விதைப்பதில்தான். பெயருக்குப் பின்னால் இருக்கும் கோர்களை ஒப்பிட இரண்டு நிமிடம் ஆகும், செய்துவிடுங்கள்.

கேள்வி: கேம் ஆரம்பித்த முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடுகிறது. அப்புறம் போன் சுடுகிறது, கேம் திக்குகிறது. பெஞ்ச்மார்க் மதிப்பெண் பார்த்துத்தான் வாங்கினேன். போனில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இதற்கு த்ராட்லிங் என்று பெயர்.

சிப் இழுக்கும் மின்சாரம், ஓடும் வேகத்தோடு நேராகக் கூடும். கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். வேகத்தை ஏற்ற வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் ஏற்றியாக வேண்டும். எனவே கடைசிப் பத்து சதவீத வேகத்துக்குக் கொடுக்கும் விலை பத்து சதவீதத்தைவிட வெகு அதிகம். கணினியில் விசிறி இருக்கிறது, போனில் சூடு வெளியேற இருப்பது அதன் முதுகும் உங்கள் உள்ளங்கையும்தான். நீண்ட நேரம் சில வாட்டுக்கு மேல் அந்த உடம்பு தாங்காது. உச்ச சிப்கள் முழு வேகத்தில் ஓடினால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதனால் சில நிமிடம் பாய்ந்துவிட்டு, சூடு ஏறியதும் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். 2015-இல் ஸ்னாப்டிராகன் 810 பெயர் கெட்டது இந்த விஷயத்தில்தான். அந்த ஆண்டு சாம்சங் தன் கேலக்ஸி எஸ்6-க்கு அதைத் தொடாமல், 14 நானோமீட்டரில் செய்த தன் சொந்தச் சிப்பையே போட்டுக்கொண்டது.

பெஞ்ச்மார்க், அதாவது வேகச் சோதனை ஆப் தரும் மதிப்பெண், பெரும்பாலும் அந்த முதல் பாய்ச்சலை அளக்கிறது. போதாததற்கு, அதில் விளையாட்டும் நடந்திருக்கிறது. 2018-இல் ஹுவாவேயின் சில மாடல்கள் சோதனை ஆப் ஓடுவதை அடையாளம் கண்டு அப்போது மட்டும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது வெளியே வந்து, 3டிமார்க் என்ற சோதனை ஆப்பின் பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட்டன. 2022-இல் சாம்சங் விஷயம் தலைகீழ்: ஆயிரக்கணக்கான ஆப்களுக்கு வேகத்தைக் குறைத்த மென்பொருள், பெஞ்ச்மார்க் ஆப்களை மட்டும் தொடாமல் விட்டிருந்தது. கீக்பெஞ்ச் என்ற இன்னொரு சோதனை ஆப், கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரையான வரிசைகளைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

கேமுக்காக வாங்குகிறீர்கள் என்றால் ஆன்டுடு என்ற பெஞ்ச்மார்க் தரும் மொத்த எண்ணை ஓரமாக வையுங்கள். 3டிமார்க்கில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரே காட்சியை 20 முறை தொடர்ந்து ஓட்டும், மிகச் சிறந்த சுற்றின் மதிப்பெண்ணில் எத்தனை சதவீதம் மிக மோசமான சுற்றிலும் தாக்குப்பிடித்தது என்று சொல்லும். விமர்சனங்களில் அந்த எண்ணைத் தேடுங்கள். ஒரே சிப் உள்ள இரண்டு போன்களில் அது வெகுவாக மாறும், ஏனென்றால் உள்ளே சூட்டைப் பரப்பும் தகடு எவ்வளவு பெரியது என்பது போன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இப்போதைக்கு, விளையாடும்போது உறையைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள், கேமில் ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) ஒரு படி இறக்குங்கள். அந்த ஒரு படியில் சூடு கணிசமாகக் குறையும்.

கேள்வி: மூன்று வருடம் ஆன போன். வாங்கியபோது வேகமாக இருந்தது, இப்போது எதைத் தொட்டாலும் யோசிக்கிறது. சிப் தேய்ந்துவிட்டதா?

பதில்: சிப் தேய்ந்து மெதுவாவது நடைமுறையில் நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயமில்லை. சந்தேகப்பட வேண்டியவை வேறு.

முதலில் ஸ்டோரேஜ். விலை குறைந்த போன்களில் இஎம்எம்சி என்ற வகை இருக்கும். அதன் உச்சபட்ச வேகம் நொடிக்கு 400 எம்பி. அதோடு, படிக்கும்போது எழுத முடியாது, எழுதும்போது படிக்க முடியாது. பின்னணியில் ஆப் அப்டேட் எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேலரியைத் திறந்தால் இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். யூஎஃப்எஸ் வகையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், 3.1 பதிப்பின் உச்சம் நொடிக்குச் சுமார் 2,300 எம்பி, 4.0-வில் அதற்கும் இரண்டு மடங்கு. நல்ல சிப்பை இஎம்எம்சியோடு கட்டிப்போட்டு விற்கும் மாடல்கள் உண்டு. புதுசில் தெரியாது, நிரம்பிய பிறகு தெரியும். ஃபிளாஷ் மெமரி நிரம்ப நிரம்ப, புதிதாக எழுதுவதற்கு முன் பழையதை இடம் மாற்றித் துடைக்கும் வேலை கூடிக்கொண்டே போகும். எனவே உங்கள் போனில் முதலில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலிசெய்து, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பேட்டரி. பழைய பேட்டரியால் திடீரென்று நிறைய மின்னோட்டம் கொடுக்க முடியாது. சிப் பாயும்போது மின்னழுத்தம் சரிந்து போனே அணைந்துவிடும். இதைத் தடுக்கச் சிப்பின் உச்ச வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைத் தன் பழைய ஐபோன்களில் செய்திருந்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. காரணம் நியாயமானது, சொல்லாமல் செய்ததுதான் பிரச்சினை. வழக்குகள் வந்தன, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தார்கள், செட்டிங்ஸில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பகுதியும் வந்தது. அங்கே கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், புது போன் வாங்குவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் மெதுவாக இருந்தால், ஆப்கள் கனத்துவிட்டன, உங்கள் ரேம் அப்படியே இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: 8 ஜிபி ரேமோடு இன்னும் 8 ஜிபி விர்ச்சுவல் ரேம் சேர்த்து 16 என்று விற்கிறார்களே?

பதில்: 8 என்று படித்துக்கொள்ளுங்கள். மீதி எட்டு ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ரேமின் வேகம் அதற்கு வராது.

கேள்வி: இந்தச் சிப்பில் இத்தனை டாப்ஸ் ஏஐ திறன் என்று விளம்பரம். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: அந்த எண்ணுக்காகக் கொடுக்க வேண்டாம். டாப்ஸ் என்பது நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குகள் என்ற அளவு. ஆனால் எந்த அளவு துல்லியமான கணக்கு என்பதைப் பொறுத்து எண் இரண்டு மடங்காகும், நான்கு மடங்காகும். 16 பிட் எண்களில் அளந்த ஒருவரையும் 4 பிட்டில் அளந்த இன்னொருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. விளம்பரத்தில் அந்த விவரம் இருக்காது.

ஏஐக்கான தனிப் பகுதி சிப்பில் இருப்பது வீண் என்று சொல்லவில்லை. ஐபோனில் 2017-இன் ஏ11-இலிருந்து அது இருக்கிறது. முகத்தைப் பார்த்துத் திறப்பது, இரவுப் புகைப்படம், பேச்சை எழுத்தாக்குவது எல்லாம் பொதுக் கோர்களைத் தொந்தரவு செய்யாமல் குறைந்த மின்சாரத்தில் நடக்க அந்த மாதிரிப் பகுதிகள்தான் காரணம். ஆனால் இப்போது பேசப்படும் மொழி மாடல்கள் போனுக்குள்ளேயே ஓட வேண்டுமென்றால், கணக்கிடும் வேகத்துக்கு முன்னால் அவை உட்கார ரேமில் இடம் வேண்டும். ஆப்பிள் தன் ஏஐ வசதிகளைக் கொண்டுவந்தபோது ஏ17 ப்ரோவும் 8 ஜிபி ரேமும் உள்ள ஐபோன் 15 ப்ரோவுக்குக் கிடைத்தது. ஏ16-உம் 6 ஜிபியும் உள்ள சாதாரண 15-க்குக் கிடைக்கவில்லை. அப்போது அந்த இரண்டும் விற்பனைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் ரேமில் போடுங்கள்.

கேள்வி: கடந்த ஆண்டின் உச்ச மாடல், இந்த ஆண்டின் நடுத்தர மாடல், இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. ஐந்து வருடம் வைத்திருக்க ஆசை. எது?

பதில்: பொதுவாக நான் பழைய உச்ச மாடல் பக்கம். சிப்பில் பெரிய கோர், கிராஃபிக்ஸ், கேமராப் படத்தைப் பதப்படுத்தும் பகுதி, வேகமான ஸ்டோரேஜ் எல்லாம் சேர்ந்தே வரும். ஒரு வருடத்தில் நடுத்தர சிப் அதை எட்டிப் பிடிப்பது அபூர்வம்.

ஆனால் ஐந்து வருடம் என்று சொல்லிவிட்டீர்களே, அதனால் சிலவற்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும். முதலாவது அப்டேட். அந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு ஆண்டு உறுதி இருக்கிறது, அதில் ஓராண்டு போனாலும் பாதகமில்லை. நான்கு ஆண்டு மட்டும் உறுதியுள்ள மாடலில் ஓராண்டு ஏற்கெனவே கழிந்திருந்தால் உங்கள் கணக்கு இடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது.

இங்கே சிப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வரும்போது கிராஃபிக்ஸ், மோடம், கேமரா இவற்றை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள்களைச் சிப் நிறுவனம் புதுப்பித்துத் தந்தால்தான் போன் நிறுவனம் நிம்மதியாக அப்டேட் கொடுக்க முடியும். சிப் நிறுவனம் கைவிட்டால் போன் நிறுவனம் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். நெடுநாள் உழைக்கும் போன் செய்வதையே கொள்கையாக வைத்திருக்கும் ஃபேர்போன், 2023-இல் தன் ஐந்தாவது மாடலுக்கு வழக்கமான போன் சிப்பை எடுக்கவில்லை. தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று குவால்காம் செய்யும் சிப் ஒன்றை எடுத்தது, அதற்கு நீண்ட கால ஆதரவு உண்டு என்ற ஒரே காரணத்துக்காக. வேகத்தில் அது உச்ச சிப் இல்லைதான்.

அடுத்தது வீடியோ. ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தை யூடியூப் முதலிய தளங்கள் பயன்படுத்துகின்றன. அதை விரிக்கும் தனிச் சுற்று சிப்பில் இருந்தால் சார்ஜ் மிச்சமாகும். இல்லாவிட்டால் அந்த வேலை பொதுக் கோர்களின் தலையில் விழும். குவால்காமின் உச்ச வரிசையில் 8 ஜென் 2-இலிருந்து, ஆப்பிளில் ஏ17 ப்ரோவிலிருந்து இது இருக்கிறது. கடைசியாக, அதே மாடலிலேயே குறைந்த ஸ்டோரேஜ் வகையை எடுக்கும் முன் கவனியுங்கள். கேலக்ஸி எஸ்23-இல் 128 ஜிபி வகைக்கு யூஎஃப்எஸ் 3.1, 256-க்கு 4.0. ஒரே பெட்டி, ஒரே பெயர், உள்ளே பாதி வேகம்.

கேள்வி: நான் பார்த்த மாடலின் பெட்டியில் சிப்பின் பெயரே இல்லை, "ஆக்டா கோர் பிராசசர்" என்று மட்டும் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்றால் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்து உட்பட, குறித்துக்கொண்டு நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். பெயர் மட்டும் போதாது. சாம்சங்கின் எஸ்24 போன்ற சில மாடல்களில் ஒரே பெயரில் சில நாடுகளுக்குச் சாம்சங்கின் சொந்தச் சிப்பான எக்ஸினோஸ், சில நாடுகளுக்கு ஸ்னாப்டிராகன் என்று போகிறது. காட்சிக்கு வைத்த போனைத் தொட்டுப் பார்க்க விட்டால், சிபியு-இசட் என்ற இலவச ஆப்பைப் போட்டுத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். சிப்பின் பெயர், எந்தக் கோர் எத்தனை, ஒவ்வொன்றும் அந்த நொடியில் எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வரிசையாகக் காட்டும். மாட்டேன் என்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்.